உள்ள ஆளு இருக்கா

எங்கள் தெருவில் அவர் பக்கத்தில் நிற்கும்போது யாரும் ஒரு கதவைச் சும்மா மூடிவிட முடியாது. "பொறுலே" என்று கையைக் காட்டுவார். கதவிடுக்கில் தலையைக் கொடுத்து, "உள்ள ஆளு இருக்கா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு உடனே தலையை எடுக்க மாட்டார். வலது காதை உள்பக்கம் திருப்பி, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கிற நேரம் அப்படியே நிற்பார். பிறகுதான் "சரி, மூடு" என்பார்.

கதவு என்றால் வீட்டுக் கதவு மட்டும் இல்லை. பீரோ, ஷேர் ஆட்டோ, கோயில் சாமான் அறை, தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு மூடி, எதுவானாலும் கேள்வி உண்டு. ஃப்ரிட்ஜுக்குள் எந்த ஆள் இருப்பான்? அங்கேயும் கேட்பார். ஒரு தடவை மக்ரூன் வாங்க பேக்கரிக்குப் போனவர், அடுப்பை மூடப் போன மாஸ்டரைத் தடுத்து உள்ளே எட்டிக் கேட்டிருக்கிறார். "இருக்காவ மாமா, முட்டையும் முந்திரியும் இருக்காவ. கூப்பிடவா?" என்றான் மாஸ்டர். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, நிற்க வேண்டிய நேரம் முழுவதும் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார்.

தெருவில் அவருக்கு 'ஆளிருக்கா மாமா' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார். நானும் இங்கே மாமா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். உறவு ஒன்றும் கிடையாது, எதிர்வீடு. நாற்பது வயதுக்குள் முழங்காலைத் தேய்த்துக்கொண்ட குளியலறை கான்ட்ராக்டர் நான். ஊரில் யார் வீட்டுக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டில் என்ன ஒழுகுகிறது என்று மட்டும் ரொம்ப நாள் தெரியாமல் இருந்துவிட்டது.

மாமா துறைமுகத்தில் ஹேட்ச் ஃபோர்மேனாக இருந்தவர். கப்பலில் சரக்கு அடுக்குகிற பள்ளத்தைத்தான் ஹேட்ச் என்பார்கள். எங்கள் வீடு மாதிரி நாலைந்தை உள்ளே இறக்கி வைக்கலாம், அவ்வளவு ஆழம். அடுக்கி முடிந்ததும் அதன் இரும்பு மூடியை இழுத்து மூட உத்தரவு கொடுக்கிற ஆள் அவர். உத்தரவுக்கு முன்னால் குனிந்து ஒரு குரல் கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை அவரை விடவில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பஸ் ஓட்டினவன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாலும் காலால் பிரேக்கைத் தேடுவான் இல்லையா, அந்த மாதிரி. அதற்கு மேல் யோசிக்க எங்களுக்குச் சோம்பேறித்தனம்.

அது வெறும் வேலைப் பழக்கம்தானா என்று எனக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது அவருடைய அம்மா இறந்த அன்றுதான். சாமியார் ஜெபம் முடித்து நகர்ந்ததும் பெட்டியின் மூடியைத் தூக்கி வந்தார்கள். சாவு வீட்டில்கூட கேலி ஒரு மூலையில் உட்கார்ந்துதான் இருக்கும். என் பக்கத்தில் நின்றவன் "கேப்பாரு பாரேன்" என்று கிசுகிசுத்தான். அவர் கேட்டார். சத்தம் வரவில்லை, உதடு அசைந்தது. பிறகு அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். மூடியைப் பிடித்திருந்தவர்கள் கை மாற்றிக்கொண்டார்கள். அவர் முகத்தில் அப்போது அழுகை இல்லை, பயம்தான் இருந்தது. அம்மா பதில் சொல்லிவிடுவாளோ என்கிற பயம் என்று நான் நினைத்தேன்.

அத்தை, அதாவது அவர் மனைவி, நேர் எதிர். வாயைத் திறந்தால் மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடுவாள். மூச்சிழுப்பு ஒன்றுதான் அவளை அவ்வப்போது அடக்கி வைக்கும். அவளுக்கு ஒரே தம்பி, லூர்து. தாயும் தகப்பனும் சீக்கிரம் போய்விட, அக்கா இடுப்பிலேயே வளர்ந்தவன். வளர்ந்ததும் மாமாவின் கேங்கிலேயே ஹேட்ச் வேலைக்குச் சேர்ந்தான். ஒருநாள் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. நான் அப்போது ரொம்பச் சின்னவன், பெரியவர்கள் பேசியது மட்டும் நினைவு இருக்கிறது. எந்நேரமும் வெளிநாடு வெளிநாடு என்று சொல்லிக்கொண்டிருந்த பையன், ஏதோ கப்பலில் ஒளிந்து ஏறிப் போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. மாமாவும் ஆமாம் என்றார். அத்தையும் நம்பினாள்.

அவள் நம்பினது சாதாரண நம்பிக்கை இல்லை. தெருவிலிருந்து யார் துபாய்க்கோ குவைத்துக்கோ கிளம்பினாலும் லூர்துவின் போட்டோவில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். "இடது காதுல நுனி இருக்காது, சின்னதுல நாய் கடிச்சது. இப்ப தல நரச்சிருக்கும், காது நரைக்காதுல்லா? பாத்தா, அக்கா உயிரோட இருக்கான்னு மட்டும் சொல்லு. திட்ட மாட்டேன்னும் சொல்லு." என் தம்பி மஸ்கட்டுக்குப் போனபோது அவன் பாஸ்போர்ட் பையிலேயே செருகிவிட்டாள். கொழும்புக்குப் போய்வருகிற காயல்பட்டினத்துப் பாய் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு பயணத்திலும் துறைமுகப் பக்கத்து டீக்கடைகளில் விசாரித்துவிட்டு வந்து, "இன்ஷா அல்லாஹ், அடுத்த தடவ பாப்போம் தங்கச்சி" என்பார். கல்லறைத் திருநாளில் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரைச் சொல்லி ஜெபிக்கும்போது லூர்து பெயரை வாய்தவறிக்கூட யாரும் சேர்க்கக்கூடாது, சண்டைக்கு வருவாள். அவனுக்குக் கல்லறை கிடையாது, பூசை கிடையாது. உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்கு?

அத்தை போட்டோ கொடுக்கும்போது மாமா அந்த அறையில் இருக்க மாட்டார். எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார். இரண்டு மூன்று தடவை நானே பார்த்திருக்கிறேன். மைத்துனன் ஏமாற்றிவிட்டுப் போன கோபம் இன்னும் ஆறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இழுப்பு வந்தால் அத்தைக்கு ஆவிதான் மருந்து. பெரிய தேக்சாவில் நொச்சி இலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்து, கம்பளிப் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு உட்காருவாள். மூடின கொஞ்ச நேரத்தில் மாமா போர்வையைத் தூக்கிவிடுவார்.

"ஏளா, உள்ள இருக்கியா?"

"இல்ல, மணப்பாட்டுக்குப் போயிருக்கேன். போர்வைய விடுங்க, ஆவி போகுது."

மறுபடி மூடுவாள். மறுபடி தூக்குவார். கடைசியில் தேக்சா ஆறி, இழுப்பு அப்படியே இருக்கும். அத்தை கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்துவாள். எதிர்வீட்டு ஜன்னலில் நின்று நானும் என் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். சிரித்ததற்காக இப்போது வருத்தமாக இருக்கிறது, ஆனால் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

இந்தப் போர்வைச் சண்டையைப் போனில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் குவைத்தில் நர்ஸாக இருக்கிற அவர்கள் மகள் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, இங்கன வீடுகள்ல குளிக்கிற எடத்துலயே ஸ்டீம் ரூம் வச்சிருக்காவ. கண்ணாடிக் கதவு. அம்மாவும் நிம்மதியா உக்காரும், அப்பாவும் வெளிய இருந்து பாத்துக்கிடுவாவ. போட்டுத் தாங்க" என்றாள். எனக்கு வாயெல்லாம் பல். லாட்ஜுக்கும் ஜிம்முக்கும் செய்திருக்கிறேனே தவிர, எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக் குளியலறையில் ஸ்டீம் ரூம் அதுதான் முதல். கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாதபடி ஆவி மூடிவிடும் என்பதை அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஷவர் இருந்த மூலையையே எடுத்துக்கொண்டேன். சுவரையும் கூரையையும் டைல்ஸால் அடைத்தேன். கூரையைக் கொஞ்சம் சரிவாக இறக்கினேன், இல்லையென்றால் குளிர்ந்த நீர் தலையில் சொட்டும். உட்கார ஒரு திண்டு. ஆவி வருகிற குழாய் கணுக்கால் உயரத்தில். கொதிக்க வைக்கிற பெட்டியைப் பரணில் வைத்து நல்ல தண்ணீர் லைனில் இணைத்தேன், எங்கள் ஊர் போர் தண்ணீரில் அது ஒரு மாதம் தாங்காது. கூரை வரைக்கும் கெட்டிக் கண்ணாடியில் கதவு. இவ்வளவுக்கும் மாமா என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

"மூடுனா உள்ள போடுற சத்தம் வெளிய கேக்குமாலே?"

"நல்லா கேக்கும் மாமா."

"பூட்டு?"

"பூட்டே கிடையாது. காந்தம்தான். உள்ள இருந்து தள்ளுனா தொறக்கும், வெளிய இருந்து இழுத்தா தொறக்கும்."

"தூங்கிட்டா?"

"யாரு?"

"உள்ள இருக்கிற ஆளு."

"மிஷின் அதுவா நின்னுரும் மாமா. கொஞ்ச நேரந்தான் ஓடும்."

நம்பவில்லை. என்னை உள்ளே உட்கார வைத்துக் கதவை மூடி, "மாமா, மாமா" என்று கத்தச் சொன்னார். அவர் முதலில் கதவோரம் நின்று கேட்டார், பிறகு கூடத்தில், பிறகு வாசலில். தெருவில் போனவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். "நீரு உள்ள வந்து உக்காந்து பாருமே" என்று அழைத்தேன். ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தார். வீட்டுக்காரராக இருந்தும் கடைசி வரைக்கும் அந்த மூலைக்குள் அவர் கால் வைக்கவே இல்லை.

அந்தச் சில மாதங்கள்தான் அந்த வீட்டில் நான் பார்த்த நல்ல காலம். காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் அத்தை உள்ளே போவாள். மாமா கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். கண்ணாடி வெளுத்து, அத்தை மறைந்துபோவாள். "உள்ள ஆளு இருக்கா?" என்பார். "இருக்கேன்" என்று வரும். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்பார், மறுபடி "இருக்கேன்". ஒரு சலிப்பும் இல்லாமல் சொல்வாள். இத்தனை வருஷம் அவர் கேட்டுக் கேட்டு நின்ற கேள்விக்கு அப்போதுதான் பதில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பதில் காதில் விழும்போதெல்லாம் அவர் தோள் தளர்ந்து இறங்கும். அத்தையின் இழுப்பும் நன்றாகக் குறைந்துவிட்டது. வேதக்கோயில் படியில் நிற்காமல் ஏறினாள். மாமா ஃப்ரிட்ஜிடம் கேட்பதைக்கூட விட்டுவிட்டார் என்று என் மனைவி வந்து சொன்னாள்.

பிறகு சுவரில் உப்பு பூத்தது.

மாமாதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஸ்டீம் ரூமின் டைல்ஸ் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக நுரைத்திருந்தது. எனக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. வீடு கட்டின அந்தக் காலத்துக் கொத்தனார் கடற்கரை மணலைக் கலந்து சுவர் எழுப்பியிருக்கிறான். எங்கள் ஊரில் நிறையப் பேர் செய்த தவறு அது. வண்டிக் கூலி மிச்சம், வாசலிலேயே மணல். இத்தனை நாள் சுவருக்குள் சும்மா கிடந்த உப்பை ஆவியின் சூடும் ஈரமும் வெளியே இழுத்துவிட்டன. சுரண்டினேன், கழுவினேன், இடுக்குகளை மறுபடி அடைத்தேன். இரண்டு வாரத்தில் திரும்ப வந்தது. என் தொழிலுக்கே அவமானமாகப் போய்விட்டது.

மாமா கதவுக்கு வெளியே நின்றபடி கையை மட்டும் உள்ளே நீட்டி, விரலால் ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார்.

"ஆமா மாமா. சுவத்துக்குள்ள இருக்கது."

"எத்தன வருசம் கழிச்சும் வருமாலே?"

"உள்ள இருக்க வரைக்கும் வரும்."

நான் சொன்னது சுவரைப் பற்றி. அவர் விரலை வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து மறுபடியும் எல்லாக் கதவுகளிலும் கேட்க ஆரம்பித்துவிட்டார். அத்தை உள்ளே இருக்கும்போது முன்னைவிட அடிக்கடி கேட்டார். "ஒரு ஜெபம் சொல்ல விடுறாவளா பாரு" என்று அத்தை உள்ளிருந்தே சத்தம் போடுவாள்.

கடைசியாக அந்தச் சுவரைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிவிடலாம் என்று முடிவு செய்து, ஒரு காலையில் சாமான் பையோடு போனேன். அத்தை உள்ளே இருந்தாள். ராத்திரி பனியில் மறுபடி கொஞ்சம் இழுப்பு, தூக்கம் இல்லை என்று மாமா சொன்னார். முடித்து வரட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு எதிரே ஈரத் தரையில் நின்றேன். பை என் காலடியில் திறந்து கிடந்தது.

"உள்ள ஆளு இருக்கா?"

"இருக்கேன்."

கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம். ஹார்பர் ரோட்டில் லாரி நெரிசலைப் பற்றி என்னவோ சொன்னேன். மறுபடி கேட்டார். பதில் வரவில்லை. காதைக் கண்ணாடியில் வைத்துக் காத்திருந்தார். இன்னொரு தடவை கேட்டார். கண்ணாடி வெள்ளையாக இருந்தது. "அசந்துட்டாவ போல மாமா, கதவ இழுங்க" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, என் பையிலிருந்த சுத்தியலை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார்.

கதவு மொத்தமும் பொடிந்து கீழே கொட்டியது. அந்தக் கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி உடையாது, கல்லுப்பு மாதிரி உதிரும். உள்ளிருந்து ஆவி குப்பென்று வெளியே வந்தது. அந்த ஆவிக்குள் தலையைக் கொடுத்து மாமா கத்தினார்.

"மாப்ள! ஏ லூர்து மாப்ள! ஏறி வாலே! மூடப் போறானுவ, ஏறி வாலே!"

இழுத்தால் திறக்கிற கதவு அது.

ஆவி மெல்லக் கலைந்தது. அத்தை திண்டில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நனைந்த நைட்டியில், கையில் ஒரு சின்னக் கீறலோடு, தூக்கம் கலையாத முகத்தோடு அவரையே பார்த்தாள்.

"ஆரைக் கூப்பிட்டிய?"

மாமா கண்ணாடிப் பொடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய்விடத்தான் நினைத்தேன். வெறுங்கால், சுற்றிலும் கண்ணாடி, ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் மூன்றாமவன் கேட்கக்கூடாததை எல்லாம் நான் அப்படித்தான் கேட்டேன்.

"அவன் சொல்லிட்டுத்தான் எறங்குனான்" என்றார் மாமா. "கல்யாண வீட்ல தூக்கம் இல்ல அத்தான், மூட்டைக்குப் பொறத்தால கொஞ்சம் கண்ணசருதேன், மூடும்போது ஒரு சத்தம் குடுங்கன்னான். உப்பு மூட்ட. மழ கறுத்துட்டு வந்துது. ஒரு தூத்தல் விழுந்தா சரக்கு போச்சு. மூடு மூடுன்னு மேல நின்னு கத்துதானுவ. நான் சத்தம் குடுத்தேன்ளா. உள்ள ஆளு இருக்கான்னு கேட்டேன். பதில் இல்ல. முன்னாலயே ஏறிட்டான்னு நெனச்சுக்கிட்டேன். நான் நிக்கல."

அத்தை முகத்தில் வழிந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டாள்.

"நிக்கலளா" என்றார் மறுபடியும்.

"பெறவு?"

"சாயங்காலம் எல்லாரும் எறங்குனோம். அவன் எறங்கல. கப்பல் துறைய விட்டுப் போயி வெளிய நங்கூரம் போட்டு நின்னுது. கரையில நின்னு பாத்தேன். வெளக்கு தெரிஞ்சுது."

"ஆருட்டயும் சொல்லலியா?"

"சொன்னா அவன் உள்ள இருக்கான்னு ஆயிரும்லா. சொல்லாட்டா எங்கனயோ போயிட்டான்னு இருக்கும். காலையில வீட்டுக்கு வந்துருவான்னு இருந்தேன். காலையில அங்கன கப்பல் இல்ல. அது பெறவு இந்தப் பக்கம் வரவே இல்ல."

மிஷின் பரணில் ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால் குழாயிலிருந்து இன்னும் ஆவி வந்து, உடைந்த வாசல் வழியாகக் கூரைக்கு ஏறியது. அத்தை எழுந்தாள்.

"நான் போட்டோ குடுத்து விட்டேனே" என்றாள். "ஒவ்வொருத்தருட்டயும் குடுத்து விட்டேனே. பாத்துட்டுத்தான இருந்திய?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை கண்ணாடியின் மேலேயே நடந்து வெளியே போனாள். அப்போதுதான் கண்ணில் பட்ட சுவரோரத் துடைப்பத்தால் எனக்கு ஒரு வழி செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கேட்டாள். கண்ணாடி உடைந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அத்தை அவரிடம் பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், மாத்திரையை எடுத்து வைத்தாள். பேச்சு இல்லை. அவள் வாய்க்குப் பயந்த தெரு அந்த மௌனத்துக்கு இன்னும் பயந்தது. காயல்பட்டினத்துப் பாய் அடுத்த பயணத்துக்கு முன்னால் வந்தபோது, "இனி தேட வேண்டாம் பாய்" என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வாசலில் நின்றபடியே இரண்டு கையையும் ஏந்தி வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டுப் போனார்.

கதவை மாற்ற மகள் போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அத்தை விடவில்லை. ஸ்டீம் ரூம் திறந்தபடியே கிடந்தது. மிஷின் ஓடாமலேயே உப்பு மட்டும் சுவரில் பூத்துக்கொண்டே இருந்தது. அத்தைக்கு இழுப்பு திரும்ப வந்தது. மறுபடி தேக்சா, நொச்சி இலை, கம்பளி. ஒருநாள் ஏதோ கொடுக்கப் போனபோது பார்த்தேன். மாமா போர்வைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் போர்வையைத் தூக்குவதில்லை. "உள்ள ஆளு இருக்கா?" என்று ரொம்ப மெதுவாகக் கேட்டார். பதில் இல்லை. உள்ளே மூச்சு இழுக்கிற விசில் சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து, அது வருகிற வரைக்கும் போதும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொண்டுபோனதை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழையில், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மகள் குவைத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அத்தை அழவே இல்லை, அதைப் பற்றியும் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் ஏன் அழவில்லை என்று தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். என் வாயைத் திறக்க எனக்கு உரிமை இல்லை.

சாமியார் ஜெபம் முடித்தார். மூடியைத் தூக்கி வந்தார்கள். நாலு பேரில் நானும் ஒரு மூலையைப் பிடித்திருந்தேன். பெட்டிக்கு மேலே கொண்டுவந்ததும் நாங்கள் நாலு பேரும் யாரும் சொல்லாமலே நின்றுவிட்டோம். அந்த வீட்டில் எதையும் சும்மா மூடிப் பழக்கம் இல்லை. கேட்கிற ஆள் பெட்டிக்குள் இருந்தார். வெளியே மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அத்தை எழுந்து வந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மூடியின் விளிம்பில் ஒரு கையை வைத்து, அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். அவ்வளவு மாதங்களுக்குப் பிறகு அவரிடம் பேசினாள்.

"ரெண்டு பேரும் உள்ள இருக்கியளா?"

அவர் நிற்பது மாதிரியே வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் அசையவில்லை. ஒரு 'அருள் நிறைந்த மரியே' முடிந்து, இன்னொன்றும் முடிந்திருக்கும். பிறகு அவள் நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சரி, மூடுங்க" என்றாள்.